சிலாபக் கரையில் முன்னோரைத் தேடுதல்: பெயர், ஏடு, காணி

சிலாபத்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரை ஏடுகளில் தேடத் தொடங்கினால் முதலில் கைநழுவிப் போவது பெயர்தான். ஒரே மனிதர் கத்தோலிக்கக் கோவிலின் ஏட்டில் இலத்தீனிலும், பிறப்புப் பதிவில் தமிழிலும், காணி உறுதியில் ஆங்கிலத்திலும், பேரப்பிள்ளையின் பத்திரத்தில் சிங்களத்திலும் இருப்பார். நான்கிலும் எழுத்து ஒத்துவராது. சில வேளை பெயரே வேறாக இருக்கும். கரையார், பரதர், முக்குவர், செட்டிகள், சோனகர், உடப்பு ஊர் இந்துக்கள் எனப் பல குடிகள் அருகருகே வாழ்ந்த கரை இது. கண்டி அரசும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறி உரிமை கொண்டாடிய கரையும் இதுவே. ஒவ்வோர் ஆட்சியும் தனக்கு வேண்டியதை மட்டும் தன் மொழியில் எழுதி வைத்தது. ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் தேடல் இரண்டு தலைமுறைக்குள் நின்றுவிடும். குடியிருந்த ஊர், உரிமை கொண்ட காணி, சடங்குக்குச் சாட்சி நின்றவர்கள் ஆகிய மூன்றும் பெயரைவிட உறுதியான பிடிமானங்கள்.

வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் பத்திரங்களில் மிகப் பயனுள்ளது பிறப்புச் சான்றிதழ். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதப்பட்ட இலங்கைச் சான்றிதழில் பெற்றோரின் விவரங்களோடு பாட்டனுக்கும் தனிக் கூடு உண்டு. பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவை அங்கே எழுதப்படும். தந்தை இலங்கையில் பிறக்காதிருந்து பூட்டன் இங்கே பிறந்திருந்தால் பூட்டனின் விவரமும் கேட்கப்படும். இந்தக் கூடுகள் பரம்பரையைப் பேணும் அக்கறையில் உருவானவை அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததையோ தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததையோ காட்டச் சொன்னது. அதற்கான சான்றை நிரப்பவே அவை வந்தன. மலையகத்தில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய சட்டம் அது. சிலாபம், மாதம்பைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் வேலைக்கு வந்த இந்தியத் தமிழ்க் குடும்பங்களையும் அதே கேள்வி துரத்தியது. தொழிலாளியிடம் பாட்டனின் பிறப்புப் பதிவைக் கேட்பது எத்தகைய அநீதி என்பது, அக்காலப் பதிவேடுகள் எவ்வளவு குறைபாடானவை என்று பார்த்தவர்களுக்குத் தெளிவாகவே தெரியும்.

இலங்கையில் பிறப்பு, இறப்புகளைப் பதியும் முறையான ஏற்பாடு 1867இல் வந்தது; பதிவு கட்டாயமானது 1897இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பிறந்த ஒருவருக்குப் பதிவு இல்லாதது வியப்பல்ல. கட்டாயமான பிறகும் கரையோரக் குடிசையில் மருத்துவிச்சி கைபார்த்த பிள்ளை மாதக்கணக்கில் பிந்திப் பதியப்பட்டதுண்டு. எனவே பிறந்த தேதியாக எழுதப்பட்டிருப்பது பல வேளை நினைவிலிருந்து சொன்ன தேதிதான். பதிவேடுகள் பதிவாளர் பிரிவு வாரியாகப் பேணப்படுகின்றன. பதிவிலக்கம் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுப்பது சுலபம். தெரியாவிட்டால் எந்தப் பிரிவு, எந்த ஆண்டுகள் என்று சொல்லித் தேடுகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊர்ப்பெயர் சரியாகத் தெரிந்திருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. நிர்வாக எல்லைகளும் நிலையாக இருக்கவில்லை. 1833 முதல் மேல் மாகாணத்தில் அடங்கியிருந்த சிலாபம், 1845இல் வடமேல் மாகாணம் உருவானபோது அதற்குள் வந்தது. நெடுங்காலம் தனி மாவட்டமாக இருந்து பின்னர் புத்தளம் மாவட்டத்தோடு சேர்ந்தது. பழைய கச்சேரிக் கடிதங்களைத் தேடுபவர் கொழும்பு, குருணாகல், புத்தளம், சிலாபம் ஆகிய நான்கு தலைப்புகளின் கீழும் பார்க்க வேண்டியிருக்கும்.

இறப்புப் பதிவுகளில் ஒரு காலப்பகுதி தனியே நிற்கிறது. 1934ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து 1935 நடுப்பகுதி வரை மலேரியா இலங்கையைச் சூறையாடியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகக் கணக்கு. சிலாபத்துக்கு வடக்கே கடலில் கலக்கும் தெதுறு ஓயாவின் படுகை மிக மோசமாகத் தாக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. குடும்பக் கதையில் இரண்டு பிள்ளைகளும் பாட்டியும் அடுத்தடுத்துப் போனார்கள் என்று ஆண்டு சொல்லாமல் ஒரு நினைவு இருந்தால், தேடலை அந்தச் சில மாதங்களிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

அரசுப் பதிவுக்கு முந்திய காலத்தைத் திறந்து காட்டுவது பெரும்பாலும் கத்தோலிக்கக் கோவிலின் ஏடுதான். சிலாபம் மறைமாவட்டம் 1939 ஜனவரியில்தான் கொழும்பு உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. பங்கு ஏடுகளோ அதைவிட மிகப் பழையவை. கோவாவிலிருந்து வந்த ஒரட்டோரியச் சபைக் குருக்கள் ஒல்லாந்தர் தடையை மீறி இக்கரையில் ஊழியம் செய்தார்கள். 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகள் புத்தளம் வழியாகவே கண்டிக்குப் போனார். ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கருக்கு இருந்த தடைகளை நீக்கினர். 1847 முதல் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கைக்கு வரத் தொடங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர ஏடுகள் ஒழுங்காகவும் தொடர்ச்சியாகவும் கிடைக்கின்றன.

ஞானஸ்நான ஏட்டின் ஒரு வரியில் ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர்கள், ஊர், ஞானப்பெற்றோர், குருவின் கையொப்பம் ஆகியவை இருக்கும். பெரும்பாலானோர் தாய் தகப்பன் பெயரைக் கண்டதும் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரியில் அதிகம் பேசுவது ஞானப்பெற்றோர் கூடுதான். தாய்மாமன், பெரியப்பா, பாட்டி, மூத்த அக்காளின் கணவர் என்று பெரும்பாலும் நெருங்கிய உறவினரே ஞானத்தந்தையும் ஞானத்தாயுமாக நின்றார்கள். ஒரே பெயருள்ள இரண்டு தகப்பன்மார் ஒரே ஊரில் இருந்தால் அவர்களைப் பிரித்தறிய இதுவே நல்ல வழி. இரு வீட்டுப் பிள்ளைகளின் ஞானப்பெற்றோரையும் பட்டியலிட்டால் இரண்டு உறவு வட்டங்கள் தாமாகவே பிரிந்து தெரியும்.

அதே வரியின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணையின்படி, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்கு அனுப்பப்பட்டு ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். பிள்ளையின் பிறப்பிலிருந்து திருமணத்துக்கும், அங்கிருந்து அடுத்த ஊருக்கும் அந்த ஓரக்குறிப்பு நேரே கொண்டுபோய் விடும். திருமண ஏட்டில் விதிவிலக்குக் குறிப்பும் தேடத் தக்கது. மச்சான் மச்சாள் முறையில் நடந்த கல்யாணங்களுக்கு ஆயரின் அனுமதி வேண்டியிருந்ததால், இரத்த உறவின் படிநிலை ஏட்டிலேயே எழுதப்பட்டது. அக்காலக் கணக்கில் இரண்டாம் படி என்றால் மணமகனின் பெற்றோரில் ஒருவரும் மணமகளின் பெற்றோரில் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். மூன்றாம் படி என்றால் பாட்டன் பாட்டி நிலையில் உடன்பிறப்பு. ஒரு சொல்லில் இரண்டு தலைமுறைக்கு மேலே உள்ள இணைப்பு உறுதியாகிவிடுகிறது. வேறு எந்த ஏடும் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு பெரிய உதவியைச் செய்வதில்லை.

கடற்றொழில் செய்த குடும்பங்களைத் தேடும்போது பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேல் பருவக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் கரைத் தொழிலாளர் பலர் வலையோடும் குடும்பத்தோடும் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி அமைத்துத் தங்கினார்கள். ஆடி ஆவணியில் பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானம் சிலாபத்தில் காணப்படாவிட்டால் கிழக்குக் கரைப் பங்கு ஏடுகளில் தேடிப் பார்ப்பது தகும். உடப்பில் போலச் சிலாபத்திலும் கரைவலைப் பங்கு பரம்பரைச் சொத்தாக இருந்ததால் வலையும் அதை இழுக்கும் பாடும் பற்றிய உடன்படிக்கைகளில் அண்ணன் தம்பி, மருமகன் உறவுகள் எழுத்தில் வந்திருக்கும்.

கத்தோலிக்கப் பெயர்களைப் பொறுத்தவரை ஒரு புனிதருக்குப் பல வடிவங்கள் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே ஏட்டைத் திறக்க வேண்டும். சந்தியாகு, யாகப்பர், யாக்கோபுஸ், ஜேம்ஸ் நான்கும் ஒருவரே. சூசை என்பவர் யோசேப்பு, இராயப்பு பேதுரு, சின்னப்பு பவுல், அருளப்பு இலத்தீன் ஏட்டில் யோவான்னஸ், ஆங்கில உறுதியில் ஜோன். குடும்பப் பெயரில் உதவி குறைவு. பெர்னாண்டோ, பெரேரா, சில்வா, மென்டிஸ், குரூஸ் ஆகியவை போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானத்தோடு வந்தவை; ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் மட்டும் இருவர் உறவினராகிவிட மாட்டார்கள். கரையாரிடையே வழங்கும் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிகிந்துகுலசூரிய போன்ற முன்பெயர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிரித்துக் காட்டும். அவையும் குலப்பிரிவைச் சொல்வன, தனி வீட்டைச் சொல்வன அல்ல. உடப்பு இந்துக்களிடையே குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முதலெழுத்தாக நிற்கும். அங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும், ஆனால் பாட்டன் பெயர் பேரனுக்குத் திரும்பி வரும்.

இவற்றோடு மொழி மாற்றமும் சேர்ந்துகொண்டது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்களில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் சிங்களத்துக்கு மாறியது. 1940 முதல் 1972 வரை சிலாபம் ஆயராக இருந்தவரும் வரலாற்று அறிஞருமான எட்மண்ட் பீரிஸ் ஆண்டகையின் காலத்தில் கோவில் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறியதை இதற்கு ஒரு முக்கிய காரணமாகப் பலர் சொல்கிறார்கள். ஏடு பார்ப்பவருக்கு இதன் விளைவு மிக நேரடியானது. கொள்ளுப்பாட்டியின் பதிவில் தமிழர் என்றும் கொள்ளுப்பேத்தியின் பதிவில் சிங்களவர் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே வீடு. இனக் கூட்டை வைத்துக்கொண்டு இது நம் ஆள் அல்ல என்று தள்ளிவிடுவது இக்கரையில் செய்யக்கூடாத பிழை. குடிமதிப்பீடும் வகைகளை மாற்றிக்கொண்டே வந்தது: 1911இல் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனியாக எண்ணப்பட்டார்கள், 2001இல் இலங்கைச் செட்டியும் பரதரும் தனி இனங்களாக வந்தார்கள். 1871 முதல் எடுக்கப்பட்ட குடிமதிப்பீடுகள் தனி மனிதரைத் தேடப் பயன்படா, தொகைகளே மிஞ்சியிருக்கின்றன. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் எழுந்த வாக்காளர் இடாப்பு அந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் ஊர் வாரியாக அதில் இருப்பார்கள்.

காணி ஏடுகளுக்கு வந்தால் நிலைமை வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்றது. 1863 முதல் அவ்வுறுதிகள் பதியப்பட்டன. தென்னங்காணி பெறுமதியாகி வந்த சிலாபத்தில் சாதாரணக் குடும்பங்களும் உறுதி எழுதின. ஒவ்வோர் உறுதியும் உரிமை எப்படி வந்தது என்று சொல்லியே தொடங்கும்: தகப்பன்வழி முதுசம், தாய்வழி முதுசம், நன்கொடை, கொள்வனவு. எல்லைகளைச் சொல்லும்போது வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே இன்னாருடைய காணி என்று அயலவரும் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்த அயலவர் பங்கு பிரித்துக்கொண்ட உடன்பிறப்புகளே.

சிலாபத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தாது. அது வட மாகாணத்துக்கு உரியது. இங்கே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் துணைவருக்குப் பாதி, மிகுதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே பெண்களின் பெயர்கள் உறுதிகளில் நிறைய வருகின்றன. பங்குக் கணக்கே வரலாறு சொல்லும். ஒருவருக்கு ஒரு காணியில் நாலில் ஒரு பங்கு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு அவர் இறக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளுக்குத் தலைக்கு இருபத்துநாலில் ஒன்று. பிறகு ஒரு மகள் தன் முழுப் பங்கையும் விற்கிறாள். உறுதியில் 1/24 என்று இருந்தால் அன்று தாய் உயிரோடு இருந்தாள் என்று கொள்ளலாம். 1/12 என்று இருந்தால் தாயின் பாதியும் பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டது, அதாவது தாய் காலமாகிவிட்டாள். இறப்புப் பதிவே இல்லாத ஒரு பெண் எந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே மறைந்தாள் என்பதை இரண்டு உறுதிகளை அடுத்தடுத்து வைத்தே கணிக்க முடியும். தாய் தன் பங்கை இடையில் எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதைக் காணிப் பதிவகத்தின் மடிப்பேட்டில் சரிபார்த்துவிட்டால் போதும்.

பங்குகள் இப்படிச் சிதறிச் சிதறிக் கடைசியில் நீதிமன்றம் போகும். பாகப்பிரிவினை வழக்கில் கட்சிக்காரர் ஒவ்வொருவரும் முதல் உரிமையாளரிலிருந்து தமக்கு உரிமை இறங்கிய வழியைப் பரம்பரை அட்டவணையாகக் காட்ட வேண்டும். ஐந்து, ஆறு தலைமுறைகள் ஒரே தாளில் வரையப்பட்ட இத்தகைய அட்டவணைகள் சிலாபம் மாவட்ட நீதிமன்றக் கோப்புகளில் உள்ளன. பிள்ளையில்லாமல் இறந்தவர், மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் என்று குடும்பம் மறந்த பலர் அங்கே இருப்பார்கள். ஆனால் வழக்கில் வென்றாக வேண்டும் என்று வரைந்த மரம் அது. எதிர்க்கட்சி வேறொரு மரம் வரைந்திருக்கும். இரண்டையும் சாட்சியத்தையும் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் நகலெடுத்துக்கொள்வது ஆபத்து. 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் கிராமத்தாரைத் தங்கள் காணி உரிமையை நிரூபிக்கச் சொன்னபோதும் இத்தகைய சாட்சியங்கள் எழுந்தன. அதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் சிலாபத்து வழக்கறிஞர் சி. ஈ. கொறெயா முன்னணியில் நின்றார்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு 1886இல் தொடங்கிய தனி விவாகப் பதிவும், பள்ளிவாசல் ஆவணங்களும், காதிமார் ஏடுகளும் உண்டு. இந்துக்களுக்குக் கோவில் ஏடு ஞானஸ்நான ஏட்டைப் போல ஒவ்வொரு பிறப்பையும் சொல்லாது. முன்னேசுவரம் கோவிலில் ஆறாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு முதலாக அரச கொடைகளைச் சொல்லும் சாசனங்கள் உள்ளன. அவை கோவில் காணியையும் பூசை உரிமையையும் பேசுவன. உடப்பில் திரௌபதை அம்மன் கோவில் திருவிழாவில் எந்தக் குடும்பத்துக்கு எந்த உரிமை என்ற வழக்கமே தலைமுறை நினைவைத் தாங்கி நிற்கிறது. இத்தகைய வீடுகளுக்குப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பெருந்துணை. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. இன்னார் தம்பதியரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் இன்னாரின் தந்தையும், மாமனாரும், மைத்துனரும் என்று நீளும் அந்த ஒரே வாக்கியத்தில் பிறந்த ஊர், குடியேறிய ஊர், உயிரோடிருப்போர், காலஞ்சென்றோர் அனைவரும் முறைவாரியாக இருப்பார்கள். தமிழில் எழுதப்படும் குடும்ப ஆவணங்களில் இதைவிட நிறைவானது இல்லை. பழைய தாள்களில் இதை வெட்டி வைத்த பாட்டிமார் செய்த தொண்டு பெரிது.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவரின் வாழ்க்கை எவ்வளவு முழுமையாகக் கிடைக்கும் என்பதற்கு இப்பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தார். புத்தளத்தில் மணியகாரராகவும் முதலியாராகவும் இருந்தார். 1838 முதல் 1845 வரை சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகக் கடமையாற்றி 1860இல் காலமானார். நியமனங்கள் வர்த்தமானியில் உள்ளன. 1834இல் அவர் அச்சிட்ட இலங்கை ஊரகராதியும் 1859இல் வந்த தமிழ் புளூட்டாக்கும் கையில் இருக்கின்றன. அவர் நியமித்த விதானைமாரும் அவர் முன் வழக்காடியவர்களும் இந்த அளவு தடம் விடவில்லை. ஆனாலும் கச்சேரிக் கடிதங்களிலும் வழக்குக் கோப்புகளிலும் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. ஊர்ப் பின்னணிக்கு பிராங்க் மொடர் 1908இல் வெளியிட்ட புத்தளம் மாவட்டக் கையேடும், கல்லறை எழுத்துகளுக்கு பென்றி லூயிஸ் 1913இல் தொகுத்த நூலும் உதவும். பின்னது பெரும்பாலும் ஐரோப்பியரையே சேர்த்தது. கரைவாசிகளின் மரச்சிலுவைகள் உப்புக்காற்றில் நிலைக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்துக்குப் போகும்போது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் கிடைக்கும் தோம்பு எனும் பதிவேடுகளை இங்கும் எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைத் தொடங்கினாலும், 1766 உடன்படிக்கையில்தான் கண்டி மன்னர் கரை முழுவதையும் விட்டுக்கொடுத்தார். முப்பது ஆண்டுகளில் ஆங்கிலேயர் வந்துவிட்டனர். தலைத் தோம்பு, காணித் தோம்பு, பாடசாலைத் தோம்பு ஆகியவை ஒல்லாந்தர் ஆட்சி வேரூன்றிய இடங்களில் நிறைவாக உள்ளன. நீர்கொழும்பிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த குடும்பம் என்றால் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அவற்றைப் பார்ப்பது பயன் தரும். ஒல்லாந்தச் சட்டத்தில் கத்தோலிக்கத் திருமணத்துக்கு மதிப்பில்லாததால், கத்தோலிக்கரும் பிள்ளையின் உரிமைக்காகச் சீர்திருத்தக் கோவிலில் பதிந்தார்கள். அப்பதிவை வைத்து அவர்கள் மதம் மாறியதாக முடிவு செய்வது தவறு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனிச் சுவடிகள் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில் பரந்து கிடக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது.

அதற்கும் அப்பால் கடல் கடந்த தொடர்பு. பரதர் குடும்பங்களுக்குத் தூத்துக்குடி, மணப்பாடு, வேம்பாறு முதலிய ஊர்களின் பங்கு ஏடுகளும், கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள இயேசு சபை மதுரை மாநில ஆவணக் காப்பகமும் தேடத் தக்கவை. முத்துக்குளித்துறைப் பரதர் 1530களின் நடுவில் திருமறை தழுவியவர்கள். எனினும் சிலாபத்தில் உள்ள பெயரையும் அங்குள்ள பெயரையும் இணைக்க, புறப்பட்ட ஊரைச் சொல்லும் திருமண ஏட்டு வரி ஒன்றாவது வேண்டும். உடப்பு மக்கள் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்ததாகச் சொல்லும் மரபும், கரையாருக்கும் முக்குவருக்கும் புத்தளத்தில் நடந்த போரைப் பாடும் முக்கர ஹட்டன ஏடும் ஒரு குடியின் நினைவுகள். அவற்றில் வரும் தலைவர்களைத் தனி வீட்டு மரத்தின் உச்சியில் ஏற்றிவைக்க இடைத் தலைமுறைகளுக்கு எழுத்துச் சான்று கிடையாது. சிலாபத்துச் சாதாரணக் குடும்பம் ஒன்றுக்கு ஏட்டு ஆதாரத்தோடு கட்டக்கூடிய மரம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை செல்லும். பங்கு ஏடும் காணி உறுதியும் ஒன்றையொன்று தாங்கினால் அதற்கு முந்திய ஒரு தலைமுறையும் சேரும்.